நான்காவது உறுப்பினர் யார்? துணைவேந்தர் தேடலும் பேராசிரியர்களின் பிணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகங்களைப் பற்றியவை என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களில் பலர் பணியில் இருப்பவர்கள். ஆகவே பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் தருகிறேன்.

கேள்வி: எங்கள் துறையில் ஒன்பது ஆசிரியர்கள் இருக்கிறோம். துணைவேந்தர் தேடல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதி இருக்க வேண்டுமா என்ற பேச்சு எழுந்தால், தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை ஓய்வதில்லை. நான்கு பேர் வேண்டும் என்கிறார்கள். நான்கு பேர் கூடாது என்கிறார்கள். ஒன்பதாவது ஆளாகிய நான் எந்தப் பக்கம் சேர்வது?
– உதவிப் பேராசிரியர், சென்னை

பதில்: இரண்டு பக்கத்தாரிடமும் ஆளுக்கொரு சட்டப் புத்தகம் இருப்பதுதான் உங்கள் துறையின் சிக்கல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேடல் குழுவில் மூவர் இருப்பார்கள்: செனட் என்னும் பேரவை அனுப்பும் ஒருவர், சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழு அனுப்பும் ஒருவர், வேந்தர் நியமிக்கும் ஒருவர். இவர்கள் மூன்று பெயர்களைப் பரிந்துரைக்க, வேந்தர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். யுஜிசி 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளோ, மாநிலப் பல்கலைக்கழகங்களின் தேடல் குழுவிலும் ஓர் உறுப்பினரை யுஜிசி தலைவர் நியமிக்க வேண்டும் என்கின்றன. 2023 செப்டம்பரில் வேந்தர் என்ற முறையில் ஆளுநர், சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மூன்று பல்கலைக்கழகங்களுக்கு, யுஜிசி பிரதிநிதியையும் சேர்த்து நால்வர் குழுக்களை அறிவித்தார். ஒரு வாரம் கழிந்தது. மாநில அரசு அந்த நான்காமவரை நீக்கிவிட்டு அரசிதழில் தன் அறிவிக்கையை வெளியிட்டது. ஒரே பதவிக்கு இரண்டு குழுக்கள் அறிவிக்கப்பட்டு, இரண்டாலும் ஒருவரையும் தேர்ந்தெடுக்க முடியாமல் போனது அப்படித்தான்.

நீதிமன்றத் தீர்ப்புகளும் உங்கள் துறையைப் போலவே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ரத்துசெய்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், மாநில அரசு ஏற்றுக்கொண்டாலொழிய யுஜிசி நெறிமுறைகள் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயப்படுத்தா என்று 2015 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கல்யாணி மதிவாணன் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். உங்கள் துறையில் கூடாது என்போர் கையில் இருப்பதும் இதுவே. ஆனால் 2022 மார்ச்சில், குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில், யுஜிசி நெறிமுறையோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் நெறிமுறையே நிற்கும் என்று கூறி உச்ச நீதிமன்றம் துணைவேந்தர் நியமனத்தை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அதுவே நடந்தது. அங்கே தேடல் குழு மூன்று பெயருக்குப் பதிலாக ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்பியிருந்தது. மேற்சொன்ன மூன்றுமே இரண்டு நீதிபதிகள் அமர்ந்து சொன்ன தீர்ப்புகள் என்பதால், எது பெரியது என்ற வாதத்துக்கு உங்கள் தேநீர் மேசையில் முடிவு கிடைக்காது.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். 2022க்குப் பிறகு யுஜிசி பிரதிநிதி இல்லாமல் ஒருவரை நியமித்தால், அவர் அறைக்குள் நுழைந்த மறுநாளே வழக்கு வரும். மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் பாதியை வழக்கறிஞர் அலுவலகத்திலேயே கழிக்க வேண்டியிருக்கும். ஆதலால் அந்த நான்காம் உறுப்பினரை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. நால்வரில் ஒருவர் தனித்து யாரையும் துணைவேந்தராக்கிவிடவும் முடியாது. மேலும், ஊதியத்துக்கும் பதவி உயர்வுக்கும் யுஜிசி விதியைக் காட்டிக் கோரிக்கை வைத்துவிட்டு, துணைவேந்தர் தேர்வு என்று வரும்போது மட்டும் யுஜிசியைத் தெரியாது என்பது நம் வாயில் நன்றாக இல்லை. ஆனாலும் எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயத்தை மறுக்க முடியாது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் மூவர் என்று எழுதியிருக்கும்போது, ஓர் அறிவிக்கையின் வழியாக அது நால்வராவது தவறான முன்மாதிரி. பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி நான்காமவரை உள்ளே கொண்டுவாருங்கள் என்று கேட்பதே பொருத்தமானது. உங்கள் துறையில் ஒன்பது பேரும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய கோரிக்கை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபருக்குப் பிறகு நிலையான துணைவேந்தர் இல்லாமல் ஆண்டுகள் ஓடின. உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையிலான கன்வீனர் குழுதான் நிர்வாகம் செய்தது. எங்களில் ஒரு சாரார், யார் இருந்தாலென்ன, கோப்பு நகர்ந்தால் போதும் என்கிறார்கள். மற்றவர்கள், அக்குழு எடுக்கும் கொள்கை முடிவுகளை ஏற்கவே கூடாது என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– இணைப் பேராசிரியர், கோவை

பதில்: துணைவேந்தர் பதவி காலியானால் சிண்டிகேட் தற்காலிக ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பது நம் பல்கலைக்கழகச் சட்டங்களில் உள்ளதுதான். துணைவேந்தர் ஓய்வுபெற்றுச் சில வாரங்களில் அடுத்தவர் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட பிரிவு அது. கோவையில் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் பதவிக்காலங்கள் முடிந்தன. மதுரையில் துணைவேந்தரே 2024இல் விலகினார். ஒரு மழைக்குத் தாங்க வேய்ந்த கூரையின்கீழ் நான்கு பல்கலைக்கழகங்களும் பல பருவமழைகளைக் கழிக்க நேர்ந்தது.

கோப்பு நகர்ந்தால் போதும் என்பவர்களிடம் ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பணிமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஓர் உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக வேண்டுமானால், தெரிவுக் குழுவுக்குத் துணைவேந்தரோ அவர் நியமிக்கும் மூத்த பேராசிரியரோ தலைமை தாங்க வேண்டும். துணைவேந்தரே இல்லாதபோது அந்த நியமனத்தைச் செய்வது யார்? கன்வீனர் செய்யலாமா என்று பதிவாளர் அலுவலகம் கேட்கும். பதிவாளரே பொறுப்புப் பதிவாளர் என்பதால் தனித்து முடிவெடுக்க அஞ்சிக் கோப்பைச் சட்டக் கருத்துக்கு அனுப்புவார். கருத்து வருவதற்குள் கன்வீனராகிய செயலர் வேறு துறைக்கு மாறியிருப்பார். புதியவருக்காகக் குறிப்பை முதலிலிருந்து எழுத வேண்டும். மேலே கட்டிய சிவப்பு நாடாவின் நிறம் வெளுத்துப்போன அப்படிப்பட்ட ஒரு கோப்பை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்குரியவர் பதவி உயர்வு ஆணையை வாங்காமலேயே ஓய்வுபெற்றார்.

பணமும் அப்படியே. 2024 பிப்ரவரியில் வரிப் பாக்கிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. அந்தப் பாக்கிக்கு நீண்ட வரலாறு உண்டு; துணைவேந்தர் இல்லாததால் வந்தது என்று சொல்லக்கூடாது. ஆனால் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தவித்தவர்கள் அன்று நேரில் போய் நின்று கேட்பதற்குச் சேப்பாக்கம் வளாகத்தில் அந்த நாற்காலியில் ஆள் இல்லை என்பது உண்மை.

எதையும் ஏற்கக் கூடாது என்பவர்களின் பக்கமும் நான் முழுமையாக இல்லை. தேர்வு நடத்துவதையும் முடிவு வெளியிடுவதையும் எதிர்த்தால் அடிபடுவது மாணவன்தான். அன்றாடப் பணிகளையும் நெடுங்கால விளைவுள்ள பணிகளையும் பிரித்துப் பாருங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, துறைகளை இணைப்பது, புதிய பாடப்பிரிவுகளைத் தொடங்குவது, நிரந்தரப் பணியிடங்களை நிரப்புவது போன்றவற்றைத் துணைவேந்தர் வரும்வரை ஒத்திவைக்கவோ, அவர் வந்த ஆறு மாதத்துக்குள் மீண்டும் சிண்டிகேட்டின் முன் வைக்கவோ வேண்டும் என்று தீர்மானம் கேட்கலாம். இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை: தேடலை விரைவுபடுத்த வேண்டிய துறையின் செயலரே இடைக்கால நிர்வாகத்துக்கும் தலைவராக இருக்கிறார். தனிப்பட்ட எந்த அதிகாரியையும் குறைசொல்லாமலேயே இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல முடியும். மூத்த பேராசிரியர் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், தேடல் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவருடைய ஆராய்ச்சியிலிருந்து கழியும் என்பதாலாவது அவர் கோட்டைக்கும் ஆளுநர் மாளிகைக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்.

கேள்வி: என் மகள் முதுகலை முடித்துவிட்டாள். துணைவேந்தர் இல்லாத காலத்தில் பெறும் பட்டச் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லாது என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார்.
– ஒரு தந்தை, விழுப்புரம்

பதில்: பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம் என்ற நிறுவனம், கையெழுத்திடுபவர் அதன் சார்பில் இடுகிறார். சட்டப்படி அமைந்த இடைக்கால ஏற்பாட்டில் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டிருந்தால் பட்டம் செல்லும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் உண்மைத்தன்மைச் சான்று பெற்று அனுப்பலாம். மகளைப் புறப்படச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆளுநர் எதற்கு வேந்தராக இருக்க வேண்டும்? மாநில அரசே நியமிக்கலாம் என்ற சட்டம் வந்துவிட்டது என்றும், வரவில்லை என்றும் எங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரு விதமாகப் பேசினார்கள்.
– அரசுக் கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: பேசிய இருவரும் வெவ்வேறு மாதத்துச் செய்தித்தாளைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோதே சென்னை மாகாண ஆளுநர்தான் வேந்தர். ஆள்பவர் அன்று அவர் என்பதால் அது இயல்பாக இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வந்த பின்னும் அந்த நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம், பல்கலைக்கழக வேந்தர் போன்ற பொறுப்புகளை ஆளுநர் மீது சுமத்த வேண்டாம் என்று 2010இல் பரிந்துரைத்தது.

துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைத் தமிழகச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்காமல் திரும்பிய பத்து மசோதாக்களை 2023 நவம்பரில் மீண்டும் நிறைவேற்ற, ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அப்படி அனுப்பியது சட்டவிரோதம், பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது; அரசிதழிலும் அவை வந்துவிட்டன. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, நியமன அதிகாரத்தை மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது என்பதற்கு அரசியலமைப்பில் இடமில்லை என்று கருத்துரைத்தது. ஆகவே உங்கள் சங்கக் கூட்டம் ஏப்ரலில் நடந்திருந்தால் முதலாமவர் சரி, ஜூனில் நடந்திருந்தால் இரண்டாமவர் சரி.

நான் தனியே கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. அதிகாரம் ஆளுநரிடமிருந்து அமைச்சரவைக்குப் போனாலும் போகாவிட்டாலும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு அதில் ஒரு படி அரிசியும் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. துணைவேந்தர் நியமனங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறியது என்று 2018 அக்டோபரில் வெளிப்படையாகப் பேசியவர் அப்போதைய வேந்தரான ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தே. அதே ஆண்டு பிப்ரவரியில், பதவியிலிருந்த ஒரு துணைவேந்தரைக் கோவையில் லஞ்ச ஒழிப்புத் துறை கைதுசெய்திருந்தது. அந்த நியமனங்கள் நடந்ததெல்லாம் ஆளுநரே வேந்தராக இருந்த ஏற்பாட்டில்தான். அரசே நியமித்தால் இது தானாக நின்றுவிடும் என்று நம்பவும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: துணைவேந்தரை ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தால் என்ன? தேடல் குழுவில் எங்களுக்கு இடமே இல்லையே?
– உதவிப் பேராசிரியர், திருச்சி

பதில்: நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை நான் விரும்பவில்லை. வாக்குக் கேட்டு வந்த துணைவேந்தர், வாக்களித்த துறைத்தலைவரிடம் கணக்குக் கேட்க மாட்டார். ஆனால் இடமே இல்லை என்கிறீர்களே, அங்கேதான் நீங்கள் தவறுகிறீர்கள். தேடல் குழு உறுப்பினர் அந்தப் பல்கலைக்கழகத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதால் நீங்கள் அதில் உட்கார முடியாது. உட்காரப் போகிறவரை அனுப்பும் உரிமையில் பங்கு உண்டு. எந்தெந்த அவை ஆளனுப்பும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் செனட்டும் சிண்டிகேட்டும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு இடம். இவ்விரண்டு அவைகளிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

அந்த உரிமையை நாங்கள் எப்படிக் காப்பாற்றினோம் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தின் செனட்டில் நான் உறுப்பினன். தேடல் குழுவுக்கான பிரதிநிதியைத் தெரிவுசெய்வது நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தைய பொருளாக இருந்தது. காலை முழுவதும் பயணப்படி உயர்வைப் பற்றிப் பேசி முடித்திருந்தோம். வெளி வராந்தாவில் சாப்பாட்டுப் பொட்டலங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர் எழுந்து சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து ஒரு பெயரைப் படித்தார். வழிமொழிந்தவர் அந்தப் பெயரின் தலைப்பெழுத்தை மாற்றிச் சொன்னார். தவறு என்று தெரியும் அளவுக்குக்கூட எங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. மேசையைத் தட்டி ஒப்புதல் தெரிவித்தோம், நானும் தட்டினேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மாலையில் ஆசிரியர் அறையில், துணைவேந்தர் தேர்வில் நம்மை யாரும் கேட்பதேயில்லை என்று வழக்கம்போல வருத்தப்பட்டுக்கொண்டோம்.

யுஜிசி 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு நெறிமுறைகளையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். அதில் தேடல் குழுவை அமைப்பவர் வேந்தர். அவருடைய பிரதிநிதி ஒருவர், யுஜிசியின் பிரதிநிதி ஒருவர், பல்கலைக்கழகத்தின் உயர் அவையிலிருந்து ஒருவர் என்று மூவர். மாநில அரசின் பங்கு பறிபோகிறது என்றும், தொழில்துறையிலிருந்தும் பொது நிர்வாகத்திலிருந்தும் துணைவேந்தர் வரலாமாம் என்றும் பெரிய விவாதம் நடந்தது. தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானமும் போட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு இடங்கள் ஓரிடமாகச் சுருங்குவதைப் பற்றி ஆசிரியர்களிடமிருந்து அந்த அளவுக்குக் குரல் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

கேள்வி: இரண்டு ஆசிரியர் சங்கங்கள் ஒரே வாரத்தில் எதிரெதிர் அறிக்கை விடுகின்றன. எங்கள் காலத்தில் லட்சுமணசாமி முதலியார் ஒருவரே 27 ஆண்டுகள் இருந்தார். இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. வீட்டுச் சண்டை வீதிக்கு வரலாமா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை

பதில்: ஐயா, 1942 முதல் 1969 வரை சேப்பாக்கத்தில் அமர்ந்திருந்தவரின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 27 ஆண்டுகள் அடுத்தவரைத் தேடவே வேண்டியிராத ஒரு பல்கலைக்கழகத்தில் தேடலைப் பற்றிய கருத்து வேறுபாடு எங்கிருந்து வரும்? ஒருவருக்கு மூன்றே ஆண்டு என்று ஆன பிறகு, ஒரு துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவர் ஓய்வு பெறுவதற்குள் எட்டு, பத்துத் தேடல்களைப் பார்த்துவிடுவார். பேசாமலிருப்பது எப்படி?

அறிக்கைகள் எதிரெதிராக இருப்பதில் தவறு காணவும் நான் தயாராக இல்லை. இரண்டு சங்கங்களும் குழுவில் எத்தனை பேர் என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் குறை. விண்ணப்பித்தவர்களின் பட்டியல் வெளியாகுமா, பரிந்துரைக்கப்பட்ட மூவரின் கல்விப் பின்னணி பொதுவில் வைக்கப்படுமா, குழு எத்தனை மாதத்தில் முடிக்கும் என்று இரண்டுமே கேட்கவில்லை. நீங்கள் அனுப்பியிருந்த நகல்களை இரண்டு முறை படித்தேன்.

வீதிக்கு வராவிட்டால் எங்கே போகும் என்பதற்கு மற்ற மாநிலங்களைப் பாருங்கள். மேற்கு வங்கத்தில் ஆளுநரும் அரசும் ஒத்துப்போகாததால் 2024 ஜூலையில் முன்னாள் தலைமை நீதிபதி யு.யு.லலித் தலைமையில் தேடல் குழுவை உச்ச நீதிமன்றமே அமைத்தது. 2025 ஆகஸ்டில் கேரளத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி சுதான்ஷு துலியா தலைமையில் அதையே செய்தது. அந்தக் குழுக்களை அமைக்க எந்த செனட்டும் கூடவில்லை. மடித்த தாளிலிருந்து பெயர் படிக்க அங்கே யாரும் எழுந்திருக்கவும் இல்லை, வேண்டாம் என்று மறுக்க எழுந்திருக்கவும் இல்லை.